கப்பலுக்குள் கள்ளப் புட்டி!

உல்லாசப் பயணிகளின் தந்திரங்களும் காவலர்களின் கழுகுக் கண்களும்

அமெரிக்காவில் உள்ள மயாமி துறைமுகத்தில் எந்த நாளும் திருவிழாக் கூட்டம்தான். அங்கே உல்லாசப் பயணக் கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு கப்பலும் தண்ணீரில் மிதக்கும் ஓர் ஊர்!

2024-ம் ஆண்டு ஜனவரியில் "ஐகான் ஆப் தி சீஸ்" என்ற கப்பல் அங்கிருந்து தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. அதன் நீளம் சுமார் 365 மீட்டர். அதில் 20 அடுக்குகள். சுமார் 7,600 பயணிகள் வரை ஏறலாம். வேலை செய்கிறவர்கள் மட்டும் சுமார் 2,350 பேர்!

நீச்சல் குளங்கள் உண்டு. நாடக அரங்கு உண்டு. பனிக்கட்டியின் மேல் சறுக்கி விளையாடும் மேடைகூட உண்டு. திரும்பிய பக்கமெல்லாம் மதுக் கடைகளும் உண்டு.

இந்தக் கப்பல்களில் ஏறுகிறவர்களின் பெட்டிகள் எல்லாம் எக்ஸ்ரே கருவிக்குள் நுழைந்து வெளியே வருகின்றன. துப்பாக்கி இருக்கிறதா, கத்தி இருக்கிறதா, வெடிமருந்து இருக்கிறதா என்று காவலர்கள் உற்றுப் பார்க்கிறார்கள். அதோடு இன்னொரு பொருளையும் தேடுகிறார்கள்.

அது என்ன? மதுப் புட்டி!

கப்பலுக்குள்ளேயே மது விற்கிறார்கள். அப்படியிருக்க, பயணி கொண்டு வரும் மதுவை ஏன் தேட வேண்டும்? அங்கேதான் இருக்கிறது கதை!

விலைதான் காரணம்

உல்லாசக் கப்பலில் டிக்கெட் வாங்கினால் தங்க அறை கிடைக்கும். மூன்று வேளைச் சாப்பாடும் கிடைக்கும். ஆனால் பெரும்பாலான கப்பல்களில் மதுவுக்குத் தனிக் காசு கொடுக்க வேண்டும்.

ஒரு கிளாஸ் கலப்பு மதுவின் விலை 12 டாலர் முதல் 15 டாலர் வரை இருக்கிறது. கரையில் உள்ள கடையில் அந்தப் பணத்துக்கு ஒரு முழுப் புட்டி சாதாரண ரம் வாங்கி விடலாம்!

ஒரு கணவனும் மனைவியும் 7 நாள் பயணம் போவதாக வைத்துக்கொள்வோம். மாலையில் ஆளுக்கு இரண்டு கிளாஸ். ஒரு கிளாஸ் 14 டாலர். ஒரு நாளைக்கு 56 டாலர் ஆகிறது. 7 நாளைக்கு 392 டாலர். இதற்கு மேல் சேவைக் கட்டணம் 100-க்கு 18 அல்லது 20 என்று சேர்ப்பார்கள். மொத்தம் 450 டாலரைத் தாண்டிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கிறார் பயணி. அவர் மனதில் ஒரு யோசனை உதிக்கிறது. "இரண்டு புட்டியைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டு போனால் என்ன?"

கம்பெனிக்காரர்களும் கணக்குத் தெரிந்தவர்கள்தான். ராயல் கரீபியன் என்ற பெரிய கம்பெனிக்கு 2019-ம் ஆண்டில் கிடைத்த வருமானம் சுமார் 1,095 கோடி டாலர். இதில் டிக்கெட் விற்று வந்தது சுமார் 786 கோடி. மீதி சுமார் 309 கோடி டாலர், மது, சூதாட்டம், கரையைச் சுற்றிக் காட்டுதல் போன்ற மற்ற வகைகளில் வந்தது. அதாவது 100-ல் 28 பங்கு!

பயணி ஒளித்துக் கொண்டு வரும் ஒவ்வொரு புட்டியும் அந்த 28 பங்கில் ஓட்டை போடுகிறது. கம்பெனி சும்மா இருக்குமா?

விதி என்ன?

முழுத் தடை என்று சொல்ல முடியாது. கார்னிவல், ராயல் கரீபியன் ஆகிய கம்பெனிகள் ஒரு சலுகை கொடுக்கின்றன. பயணம் தொடங்கும் நாளில், குடிக்கும் வயது வந்த ஒவ்வொருவரும் 750 மில்லி திராட்சை மது ஒரு புட்டி கொண்டு வரலாம். புட்டி திறக்கப்படாததாக இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து புறப்படும் கப்பல்களில் அந்த வயது 21.

டிஸ்னி கம்பெனியின் விதி இன்னும் தாராளம். அங்கே ஒருவர் திராட்சை மது 2 புட்டிகள் அல்லது பீர் 6 கொண்டு போகலாம்.

ஆனால் ரம், விஸ்கி, வோட்கா போன்ற கடுமையான மது வகைகளை எடுத்துக்கொண்டு போய் அறையில் வைத்துக் குடிப்பதற்கு இவர்கள் யாரும் அனுமதிப்பதில்லை. வழியில் உள்ள தீவுகளில் மலிவாக வாங்கினாலும், கப்பலில் ஏறும்போது வாங்கி வைத்துக்கொள்வார்கள். பயணம் முடியும்போதுதான் திருப்பித் தருவார்கள்.

தந்திரம் பல விதம்

"கள்வன் பெரியவனா, காப்பான் பெரியவனா?" என்று நம் நாட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் கப்பல் துறைமுகத்தில் தினமும் பரீட்சை நடக்கிறது!

வாய் கொப்புளிக்கும் மருந்துப் புட்டியைக் காலி செய்கிறார்கள். அதில் வோட்காவை ஊற்றுகிறார்கள். பலகாரத்துக்குப் போடும் பச்சை வண்ணத்தில் இரண்டு சொட்டு விடுகிறார்கள். பார்த்தால் அசல் மருந்து!

ஷாம்பு புட்டியில் ரம் போகிறது. வெயிலுக்குப் பூசும் களிம்புப் புட்டியில் விஸ்கி போகிறது. குடையின் கைப்பிடிக்குள் மது. தலைவாரும் பிரஷ்ஷின் பிடிக்குள் மது. தூரத்தைக் காட்டும் பைனாகுலருக்குள்ளும் மது! இவற்றை எல்லாம் இதற்கென்றே செய்து, கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள்.

கண்ணாடிப் புட்டியின் உருவம் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்துவிடும். அதற்காக மெல்லிய பிளாஸ்டிக் பைகள் வந்தன. மதுவை ஊற்றி, மடித்து வைத்த துணிகளுக்கு நடுவே செருகி விடுகிறார்கள். சில சமயம் பை உடைகிறது. கப்பலில் பெட்டியைத் திறந்தால், விருந்துக்கு வைத்திருந்த கோட்டு ரம்மில் நனைந்து கிடக்கிறது!

காவலர்களும் சளைத்தவர்கள் அல்லர். சந்தேகம் வந்தால் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறார்கள். மருந்து வாசனை வர வேண்டிய இடத்தில் சாராய வாசனை வந்தால் கதை முடிந்தது.

முன்பு தண்ணீர்ப் புட்டியில் வோட்காவை ஊற்றி, மூடியில் புதிய முத்திரை ஒட்டிக் கொண்டு வந்தார்கள். இந்தத் தொல்லை பொறுக்காமல் கார்னிவல் கம்பெனி 2015-ம் ஆண்டு ஜூலையில் ஒரு கட்டளை போட்டது. இனிமேல் தண்ணீரானாலும் சரி, சோடாவானாலும் சரி, புட்டியில் கொண்டு வரக்கூடாது! தகர டப்பாவில் அடைத்ததை மட்டும் ஒரு கணக்குக்கு உட்பட்டுக் கொண்டு வரலாம்.

சிலர் செய்த தந்திரம். வெறும் தண்ணீர் கொண்டு வந்தவர்களுக்கும் தண்டனை!

குறும்புக்காரர் அறை

பிடிபட்ட பெட்டி என்ன ஆகிறது?

கப்பல் புறப்படுகிறது. எல்லோருடைய பெட்டிகளும் அவரவர் அறை வாசலுக்கு வந்து சேருகின்றன. ஒருவருடைய பெட்டி மட்டும் வரவில்லை. அவர் காத்திருக்கிறார். இரவுச் சாப்பாட்டு மணி அடிக்கிறது. மாற்றிக் கட்ட உடுப்பு இல்லை.

பிறகு செய்தி வருகிறது. "உங்கள் பெட்டி காவலர் அறையில் இருக்கிறது. நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்."

இந்த இடத்துக்குப் பயணிகள் வேடிக்கையாக "குறும்புக்காரர் அறை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே போனால் வரிசை நிற்கும். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி கொண்டு வந்தவர், மெழுகுவர்த்தி கொண்டு வந்தவர் ஆகியோரும் அந்த வரிசையில் இருப்பார்கள். தீப்பிடிக்கும் என்பதால் அவற்றுக்கும் கப்பலில் தடை.

காவலர் முன்னிலையில் பெட்டியைத் திறக்க வேண்டும். புட்டி வெளியே வரும். பெரும்பாலும் அதோடு விட்டு விடுகிறார்கள். மது போனது போனதுதான். ஆனால், விதியை மீறியவரைக் கப்பலிலிருந்தே இறக்கிவிடக் கம்பெனிக்கு உரிமை உண்டு. இறக்கிவிட்டால் சொந்தச் செலவில்தான் ஊர் திரும்ப வேண்டும்!

தேங்காய்க்குள் ரம்!

இந்த விளையாட்டு இன்று நேற்று வந்தது அல்ல. பாய்மரக் கப்பல் காலத்திலேயே இருந்தது.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்குத் தினமும் அளந்து ரம் கொடுப்பார்கள். அது அவர்களுக்குப் போதவில்லை. வெளியிலிருந்து கொண்டு வரவோ அனுமதி இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா?

மேற்கு இந்தியத் தீவுகளில் கப்பல் நிற்கும்போது தேங்காய் வாங்கினார்கள். கண்ணில் துளையிட்டு, இளநீரை வெளியேற்றிவிட்டு, உள்ளே ரம்மை நிரப்பி அடைத்தார்கள். தேங்காயைக் கையில் பிடித்துக்கொண்டு அதிகாரியின் முன்னாலேயே உறிஞ்சினார்கள்! இதற்கு மாலுமிகள் பாஷையில் "குரங்கை உறிஞ்சுதல்" என்று பெயர்.

பிரிட்டிஷ் கடற்படையில் தினசரி ரம் கொடுக்கும் வழக்கம் 1970-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதியோடு நின்றது. அமெரிக்கக் கடற்படையில் மதுவுக்கு 1914-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதியே தடை வந்துவிட்டது.

தடை வந்ததும் ஆசை போய்விட்டதா? இல்லை. இரண்டாவது உலகப் போரின்போது சில அமெரிக்க மாலுமிகள் டார்பிடோ குண்டை இயக்கும் எரிசாராயத்தைத் திருடிக் குடித்தார்கள். அதை யாரும் குடிக்கக்கூடாது என்பதற்காக மெத்தனால் என்ற நஞ்சை அதில் கலந்திருந்தார்கள். ரொட்டித் துண்டின் வழியாக வடிகட்டினால் நஞ்சு போய்விடும் என்று மாலுமிகள் நம்பினார்கள். ரொட்டியால் நஞ்சைப் பிரிக்க முடியாது. மெத்தனால் கண்ணைக் குருடாக்கும், உயிரையும் வாங்கும்.

தந்திரம் பலித்தது என்று நினைக்கும்போதுதான் ஆபத்து உள்ளே போகிறது!

குடிக்கவே கப்பல் ஏறினார்கள்

கப்பலுக்குள் மதுவை ஒளித்துக்கொண்டு போவது இன்றைய வேடிக்கை. ஒரு காலத்தில் இது தலைகீழாக இருந்தது. மது கிடைக்கும் என்பதற்காகவே மக்கள் கப்பல் ஏறினார்கள்!

1920-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி முதல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. 1933-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி வரை அது நீடித்தது.

கரையில் மது இல்லை. சரி, கப்பலில்? இந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே போனது. 1923-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி தீர்ப்பு வந்தது. நடுக்கடலில் செல்லும் அமெரிக்கக் கப்பலுக்கு மதுவிலக்குச் சட்டம் பொருந்தாது என்றது தீர்ப்பு. ஆனால் எந்த நாட்டுக் கப்பலானாலும், அமெரிக்கக் கரையை ஒட்டிய கடல் எல்லைக்குள் வந்துவிட்டால் மது இருக்கக்கூடாது. அறையில் பூட்டி முத்திரை வைத்திருந்தாலும் குற்றம் என்றது!

அதே ஆண்டு ஜூனில் பிரிட்டிஷ் கப்பல்கள் நியூயார்க்குக்கு வந்தன. திரும்பும் வழியில் விற்பதற்காக மதுவைப் பூட்டி, தங்கள் நாட்டு அரசாங்க முத்திரை வைத்திருந்தார்கள். சுங்க அதிகாரிகள் ஏறினார்கள். முத்திரையை உடைத்தார்கள். மதுவைப் பறிமுதல் செய்தார்கள். இரண்டு நாடுகளுக்கும் மனக்கசப்பு வளர்ந்தது. 1924-ல் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே, முத்திரை வைத்த மதுவோடு துறைமுகத்துக்குள் வர அனுமதி கிடைத்தது.

அமெரிக்க அரசாங்கத்துக்குச் சொந்தமான "லெவியாதான்" என்ற பிரம்மாண்டக் கப்பல் 1923-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி பயணிகளுடன் புறப்பட்டது. அதில் மது கிடையாது. ஆகவே, குடிக்க விரும்பிய அமெரிக்கர்கள் தங்கள் நாட்டுக் கப்பலை விட்டுவிட்டு பிரிட்டிஷ் கப்பலில் ஏறினார்கள்!

1930-ம் ஆண்டை ஒட்டிப் பொருளாதார மந்தம் வந்தது. கப்பல் கம்பெனிகளுக்குப் பயணிகள் குறைந்தார்கள். அப்போது ஒரு புதுமை செய்தார்கள். நியூயார்க்கிலிருந்து கப்பல் புறப்படும். கடல் எல்லையைத் தாண்டியதும் மதுக் கடை திறக்கும். கப்பல் எந்த ஊருக்கும் போகாது. கடலில் சுற்றிவிட்டுத் திரும்பி வந்துவிடும். இதற்கு "எங்கும் போகாத பயணம்" என்று பெயர்!

மது குடிப்பதற்காகவே ஊரில்லாத ஊருக்கு டிக்கெட் வாங்கிய கூட்டம் அது. இன்று அந்த மதுவை விற்கும் கப்பலுக்குள், விலை தாங்காமல், சொந்த மதுவை ஒளித்துக்கொண்டு போகிறார்கள். காலம் எப்படித் திரும்பிவிட்டது!

கடல் மன்னிக்காது

இதுவரை சொன்னதைக் கேட்டால் சிரிப்பு வரும். இனிச் சொல்லப்போவது சிரிக்கும் விஷயம் அல்ல.

கப்பலின் ஓரம் வீட்டு மாடியின் ஓரம் அல்ல. கால் தவறினால் பல மாடி உயரத்திலிருந்து கடலில் விழ வேண்டியதுதான். 2010-ம் ஆண்டு ஜூலையில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி உல்லாசக் கப்பல்களின் கைப்பிடிக் கம்பிகள் குறைந்தது 42 அங்குல உயரம் இருக்க வேண்டும். நிதானத்தோடு நிற்பவருக்கு அது போதும். நிதானம் இழந்து கம்பியின் மேல் ஏறி உட்காருகிறவரை எந்த அங்குலம் காப்பாற்றும்?

2009 முதல் 2019 வரை உலகத்து உல்லாசக் கப்பல்களிலிருந்து கடலில் விழுந்த சம்பவங்கள் 200-க்கு மேல். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 50 பேர்கூட இல்லை. விழுந்தவர்கள் எல்லோரும் குடித்தவர்கள் அல்லர். ஆனால் குடித்தவருக்கு நீந்தும் வலுவும் குறைவு. கூவி அழைக்கும் புத்தியும் குறைவு.

மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கப்பல் 10 நிமிடத்தில் 6 கிலோமீட்டர் தாண்டிவிடும். விழுந்ததை ஒருவரும் பார்க்காவிட்டால் எங்கே போய்த் தேடுவது?

2022-ம் ஆண்டு நவம்பரில் மெக்சிகோ வளைகுடாவில் ஓர் இளைஞர் கப்பலிலிருந்து விழுந்துவிட்டார். இரவு 11 மணி வரை கூடவே இருந்த குடும்பத்தார் மறுநாள் காலையில்தான் அவர் இல்லை என்று அறிந்தார்கள். 15 மணி நேரத்துக்கும் மேலாகத் தண்ணீரில் தத்தளித்த அவரை ஒரு சரக்குக் கப்பலில் இருந்தவர்கள் கண்டார்கள். ஹெலிகாப்டர் வந்து தூக்கியது. எப்படி விழுந்தோம் என்பது அவருக்கே நினைவில்லை. அவர் பிழைத்தது அதிசயம். அதிசயம் எல்லோருக்கும் நடக்காது!

பார்க்கும் கண் எது?

இங்கேதான் ஒளித்த புட்டிக்கும் கடையில் வாங்கும் கிளாஸுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது.

கப்பல் கடையில் மது வாங்கினால் பயணியின் அட்டையில் கணக்கு ஏறுகிறது. ஊற்றிக் கொடுக்கிறவர் முகத்தைப் பார்க்கிறார். பேச்சுக் குழறினால் "போதும்" என்று சொல்லலாம். சொல்லத் தவறினால் கம்பெனி பதில் சொல்ல வேண்டி வரும்.

அப்படி ஒரு வழக்கு ஃபுளோரிடாவில் நடந்தது. "எனக்குப் போதை ஏறியது தெரிந்தும் மேலும் ஊற்றினார்கள். தள்ளாடிப் போய் விழுந்து அடிபட்டேன்" என்பது ஒரு பயணியின் புகார். கீழ்க் கோர்ட்டு தள்ளுபடி செய்தது. 2004-ம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பயணிகளைப் பாதுகாக்கும் கடமை கப்பலுக்கு உண்டு. வழக்கை நடத்தலாம் என்று தீர்ப்பளித்தது.

ஒளித்த புட்டிக்கு இப்படி ஒரு காவல் கிடையாது. அறைக் கதவு சாத்தியிருக்கிறது. எத்தனை கிளாஸ் என்று எண்ண ஆள் இல்லை. "போதும்" என்று சொல்ல ஆள் இல்லை. அது மட்டுமா? குளியலறை அலமாரியில் பச்சை நிறத்தில் நிற்பது மருந்தா, மதுவா? அப்பாவுக்குத் தெரியும். பல் துலக்க வரும் குழந்தைக்குத் தெரியுமா?

கம்பெனிகள் மட்டும் உத்தமர்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி! "உங்கள் பாதுகாப்புக்காகவே தடை" என்று சொல்லும் அதே கம்பெனிகள், மொத்தமாகப் பணம் கட்டினால் நாள் முழுவதும் குடிக்கும் திட்டத்தையும் விற்கின்றன. கார்னிவல் கம்பெனியின் திட்டத்தில் 24 மணி நேரத்துக்கு வரம்பு 15 கிளாஸ்! 15 கிளாஸ் குடித்தவருக்குப் பாதுகாப்பு எங்கே இருக்கும்? காவலரின் ஒரு கண் பயணியின் உயிர் மேல் இருக்கிறது. மற்றொரு கண் கல்லாப் பெட்டியின் மேல் இருக்கிறது.

ஆகவே, குடும்பத்தோடு போகிறவர்கள் தாங்களே தங்களுக்குக் காவலாக இருக்க வேண்டும். விதி அனுமதிக்கும் ஒரு புட்டியை மறைக்காமல் எடுத்துப் போகலாம். அதற்கு மேல் வேண்டுமானால் விலையைக் கேட்டு, கணக்குப் பார்த்து வாங்கலாம். கட்டாதென்றால் விட்டுவிடலாம். கடல் காற்றுக்கும், சூரியன் கடலில் இறங்கும் காட்சிக்கும் கப்பலில் யாரும் காசு கேட்பதில்லை.

எக்ஸ்ரே கருவியை ஏமாற்றிவிடலாம். காவலரை ஏமாற்றிவிடலாம். கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடலை மட்டும் ஒருவராலும் ஏமாற்ற முடியாது!